யாரோ ஒருத்தியின் பால் என்று தயங்கலாமா?

தாய்மார்கள் தானமாகத் தரும் பாலைப் பதப்படுத்தி வைத்து, தேவைப்படும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. தாய்மார்கள்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். கேட்டிருப்பவர்களோ பெரும்பாலும் மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) பொறுப்புச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் மனம் விட்டுக் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: சிஸ்டர், எங்கள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியிருக்கிறார்கள். தாய்க்கு இன்னும் பால் சுரக்காத குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பாலைக் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். ரத்தம் ஏற்றுவதற்கு நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் யாரோ ஒருவருடைய பாலை டியூபில் விடும்போது மனம் ஒப்பவில்லை. ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை எல்லாம் தொற்றிவிடாதா? குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்கும்போது, "உங்க இஷ்டம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.
— என்.ஐ.சி.யு. செவிலியர்

பதில்: உங்களுக்குத் தயக்கம் வருவதில் தப்பு ஒன்றும் இல்லை, தங்கையே. உடம்பிலிருந்து வரும் எந்தத் திரவத்தையும் சந்தேகத்தோடு பார்க்கத்தான் நமக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. தாய்ப்பால் வங்கி என்பது 1909-இலேயே வியன்னாவில் தொடங்கிவிட்டது. 1980-களில் ஹெச்.ஐ.வி. பரவி, தாய்ப்பாலிலும் அந்த வைரஸ் இருக்கக்கூடும் என்று 1985-இல் தெரிந்ததும் பல நாடுகளில் வங்கிகளை மூடினார்கள். அப்போது பணியில் இருந்த மூத்தவர்களின் பயம் நமக்கும் வந்து சேர்ந்தது. பிறகு வங்கிகள் திறந்துவிட்டன. பயம் மட்டும் பல வார்டுகளில் அப்படியே இருக்கிறது.

இப்போது அந்தப் பால் உங்கள் கைக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். கொடுக்க முன்வரும் தாயிடம் முதலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். புகைப்பழக்கம், மது, சாப்பிடும் மாத்திரைகள், அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டாரா என்று எல்லாம் கேட்கிறார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனை: ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ். சில நாடுகளில் ஹெச்.டி.எல்.வி. என்ற வைரஸுக்கும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதில் தேறியவரின் பாலைத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருந்து, உடனே 4 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கிறார்கள். இதை ஹோல்டர் பாஸ்டரைசேஷன் என்பார்கள். ஹெச்.ஐ.வி., சைட்டோமெகலோ வைரஸ் இரண்டுமே இந்தச் சூட்டில் செயலிழந்துவிடும். பேசிலஸ் வகைக் கிருமிகளின் ஸ்போர்கள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமி வித்துகள்) மட்டும் இந்தச் சூட்டைத் தாங்கும். அதற்காகத்தான் சூடாக்கிய பிறகும் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்புகிறார்கள். அதில் கிருமி வளர்ந்தால் அந்த பேட்ச் முழுவதையும் கொட்டிவிடுவார்கள். தேறிய பால் மைனஸ் 20 டிகிரி ஃபிரீசருக்குப் போகும். ஒவ்வொரு பாட்டிலிலும் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து, கொடுத்தவர் வரைக்கும் தேடிப் போக முடியும். டியூபில் விடுவதற்கு முன் அந்த எண்ணை கேஸ் ஷீட்டில் எழுதுவது உங்கள் வேலை. ரத்தப் பை எண்ணை எழுதும் அதே கவனத்தோடு எழுதுங்கள்.

படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறு. ஒருநாள் டியூட்டி முடிந்ததும் வங்கி அறைக்குப் போய், அங்கே இருப்பவரிடம் கேட்டு ஒரு பேட்ச் பதப்படுத்துவதை முதலிலிருந்து கடைசி வரை நின்று பாருங்கள். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு செவிலியரையும் அங்கே அனுப்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பல நாடுகளில் மருத்துவப் பணியாளர்களிடம் கருத்துக் கேட்டபோதும் இதுதான் தெரிந்தது. பால் தானம் நல்லது என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். யார் கொடுக்கலாம், எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. அது தெரியாமல் குடும்பத்தாருக்கு எப்படித் தைரியம் சொல்வது?

அந்த "உங்க இஷ்டம்தான்" பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. குழந்தை வார்மரில் (கதகதப்பு தரும் தொட்டிலில்) கிடக்கும்போது பெற்றோர் நாம் சொல்வதை மட்டும் கேட்பதில்லை, நம் முகத்தையும் பார்க்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் போடும்போது "உங்க இஷ்டம்" என்று நாம் சொல்வதில்லையே. இதற்கு மட்டும் அப்படிச் சொன்னால், "இந்த நர்ஸுக்கே இதில் நம்பிக்கை இல்லை" என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். முடிவு அவர்களுடையதுதான், கையெழுத்தும் அவர்களுடையதுதான். அந்த முடிவை எடுக்க வேண்டிய விவரத்தைச் சொல்லாமல் நகர்ந்துவிட்டால் அது சம்மதம் கேட்டதாகாது. நான் இப்படிச் சொல்வது வழக்கம்: "அம்மா, உங்க பால்தான் இவனுக்கு முதல் மருந்து. அது வர்ற வரைக்கும் இவன் குடல் சும்மா இருக்கக் கூடாது. இன்னொரு அம்மா கொடுத்த பால் இருக்கு. அவங்களுக்கு ரத்தப் பரிசோதனை செஞ்சு, பாலைச் சூடாக்கி, கிருமி இல்லைன்னு பார்த்துத்தான் வெச்சிருக்கோம். உங்களுக்குப் பால் வந்ததும் இதை நிறுத்திடுவோம். என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க." அப்படிச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். கேள்வி உடனே வராது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். பெரும்பாலும் பாட்டியிடமிருந்து வரும்.

கேள்வி: மேடம், பவுடர் பால் கொடுக்கும் குழந்தைகள் நன்றாக எடை கூடுகின்றன. தானப் பால் கொடுத்தால் எடை மெதுவாகத்தான் ஏறுகிறது. ரவுண்ட்ஸில் எல்லோரும் எடையைத்தான் கேட்கிறார்கள். அப்படியிருக்க எதற்கு இவ்வளவு சிரமம்?
— பயிற்சி மருத்துவர்

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான் டாக்டர். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வும் இதையே சொல்கிறது: ஃபார்முலா, அதாவது பவுடர் பால், கொடுத்த குழந்தைகள் வேகமாக எடை கூடின. அதே மதிப்பாய்வில், தானப் பால் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் ஃபார்முலா பெற்ற குழந்தைகளுக்கு என்.இ.சி. வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு.

டாக்டர் அல்லாத வாசகர்களுக்காக: என்.இ.சி. என்பது குறைமாதக் குழந்தையின் குடல் சுவர் வீங்கி அழுகிப்போகும் நோய். காலையில் நன்றாக இருந்த குழந்தைக்கு மாலையில் வயிறு உப்பும், பச்சையாக வாந்தி எடுக்கும், மலத்தில் ரத்தம் வரும். சில குழந்தைகளுக்குக் குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். சில குழந்தைகள் பிழைப்பதில்லை. இந்த நோயை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் எடை அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை முடிக்க என்னால் முடியாது.

1990-இல் பிரிட்டனில் லூக்காஸ், கோல் என்ற ஆய்வாளர்கள் 926 குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, ஃபார்முலா மட்டும் குடித்தவர்களிடம் இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம் இருந்தது. அண்மையில், 2024-இல் அமெரிக்காவில் மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகள் 483 பேரை வைத்து நடந்த ஆய்வில், தானப் பால் பெற்றவர்களில் 4.2 சதவீதம் பேருக்கும் ஃபார்முலா பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கும் என்.இ.சி. வந்தது. குழந்தைகள் சற்று வளர்ந்த பிறகு மூளை வளர்ச்சியைப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தானப் பால் குழந்தையை அறிவாளியாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நாமும் அப்படிச் சொல்ல வேண்டாம். அது குடலைக் காப்பாற்ற உதவுகிறது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எடை ஏன் மெதுவாக ஏறுகிறது என்றால், பால் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நிறைமாதக் குழந்தை பெற்றவர்கள், அதுவும் பிரசவமாகிச் சில வாரங்கள், மாதங்கள் கழித்துக் கொடுப்பவர்கள். அந்தக் கட்டத்துப் பாலில் புரதம் குறைவு. ஒரு கிலோ குழந்தைக்கு அது போதாது. அதற்குத்தான் ஃபார்ட்டிஃபையர் என்ற கூடுதல் சத்துக் கலவையைப் பாலில் சேர்க்கிறோம். ரவுண்ட்ஸில் எடை சரியில்லை என்றால், பாலை மாற்றச் சொல்வதற்கு முன் ஃபார்ட்டிஃபையர் எவ்வளவு, எப்போது தொடங்கினோம் என்று கேளுங்கள்.

கேள்வி: சூடாக்கினால் சத்தெல்லாம் போய்விடும், வெறும் வெள்ளைத் தண்ணீர்தான் மிச்சம் என்று எங்கள் சீனியர் சொல்கிறார். உண்மையா?
— செவிலியர் பயிற்சி மாணவி

பதில்: பாதி உண்மை. உயிருள்ள வெள்ளணுக்கள் போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் என்சைம் வேலை செய்யாது. கிருமியை எதிர்க்கும் லாக்டோஃபெரின் என்ற புரதம் பெருமளவு குறையும். ஐ.ஜி.ஏ. நோய் எதிர்ப்புப் பொருளில் ஒரு பகுதி குறைந்தாலும் பெரும்பகுதி தங்கும். குடலில் நல்ல பாக்டீரியாவை வளர்க்கும் தாய்ப்பால் சர்க்கரைகள் அப்படியே இருக்கும். ஆகவே பெற்ற தாயின் புதுப் பாலுக்கு இது ஈடாகாது, ஃபார்முலாவுக்கு மேல். உங்கள் சீனியரிடம் இதைப் பணிவாகவே சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வங்கி வந்த பிறகு எங்கள் வார்டில் ஒன்றைக் கவனிக்கிறேன். முன்பெல்லாம் பிரசவமான உடனே தாயிடம் போய்ப் பால் எடுக்கச் சொல்லிக் கொடுப்போம். இப்போது ஜூனியர்கள், "அதான் ஃபிரீசர்ல இருக்கே சிஸ்டர்" என்கிறார்கள். நான் கோபப்பட்டால் பழைய காலத்து ஆள் என்று நினைக்கிறார்கள்.
— வார்டு சிஸ்டர்

பதில்: கோபப்படுங்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான். தானப் பாலைக் கண்டு பயப்படுகிறவர்களை ஒருநாள் வங்கிக்குக் கூட்டிப்போய் மாற்றிவிடலாம். தானப் பால் இருக்கிறது என்ற நிம்மதியில் தாயை மறந்துவிடுகிறவர்களை மாற்றுவது கஷ்டம், ஏனென்றால் தாங்கள் தாய்ப்பாலுக்கு ஆதரவானவர்கள் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வங்கியின் பால் ஓர் இடைக்காலப் பாலம். தாய்க்குப் பால் சுரக்கும் வரை, அல்லது அவர் மயக்கத்திலோ ஐ.சி.யு.விலோ இருக்கும் வரை, அல்லது அவருக்குப் பால் போதாத அளவுக்கு மட்டும். உலக சுகாதார நிறுவனமும் குறைமாதக் குழந்தைக்கு முதலில் பெற்ற தாயின் பாலைத்தான் சொல்கிறது. அது கிடைக்காதபோதுதான் தானப் பால். முதல் சில நாளைக்கு ஒரு கிலோ குழந்தைக்கு எவ்வளவு பால் வேண்டும்? ஒருநாள் முழுவதற்கும் 10 முதல் 20 மில்லி இருந்தால் பல குழந்தைகளுக்குப் போதும். சில துளிச் சீம்பால் கிடைத்தாலும் அதைக் கன்னத்தின் உட்புறம் தடவிவிடலாம். அந்தத் துளிகளை எடுக்க யாரும் உதவாமல், ஃபிரீசரைத் திறந்து 30 மில்லி பாட்டிலை உருக்குவது அந்தத் தாய்க்கு நாம் செய்யும் அநியாயம். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் ஆரம்ப நாட்களில் புரதம் அதிகம், நோய் எதிர்ப்புப் பொருளும் அதிகம். அந்தக் குழந்தைக்கென்றே சுரக்கும் பாலுக்கு மாற்று நம் வங்கியில் இல்லை.

ஜூனியர்களிடம் நேரக் கணக்கை வைத்தே பேசுங்கள். பிரசவமாகி 6 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் ஓரிரு மணி நேரத்திலேயே பால் எடுக்கத் தொடங்க வேண்டும். 24 மணி நேரத்தில் 8 தடவையாவது எடுக்க வேண்டும், அதில் இரவிலும் ஒன்று. மார்பைக் காலி செய்யச் செய்யத்தான் சுரக்கும். முதல் இரண்டு நாள் நாம் விட்டுவிட்டால், அப்புறம் "இவங்களுக்குப் பாலே இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம், பழி அவள் மேல் போகும். ஆபரேஷன் முடிந்து எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கும் தாயிடம் யாராவது போய்க் கையால் பீய்ச்ச உதவ வேண்டும். குழந்தை நிலையாக இருந்தால் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்க வைக்க வேண்டும். அதுவும் சுரப்பைக் கூட்டும்.

தானப் பால் கேட்கும் படிவத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "தாய் கடைசியாக எத்தனை மணிக்குப் பால் எடுத்தார்?" அதை நிரப்பாமல் ஃபிரீசர் திறக்கக் கூடாது என்று வையுங்கள். அவர்கள் உங்களைப் பழைய காலத்து ஆள் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: அக்கா, நானும் செவிலியர்தான், ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது. எனக்குப் பால் மிஞ்சுகிறது, கொடுக்க ஆசை. ஆனால் கூட வேலை செய்பவர்களே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பால் எடுக்க இடமும் இல்லை, துணி மாற்றும் அறையில் ஒளிந்துகொண்டு எடுக்கிறேன்.
— இரவு டியூட்டி செவிலியர்

பதில்: உங்கள் குழந்தை நன்றாக எடை கூடுகிறது, நீங்கள் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், ரத்தப் பரிசோதனை தேறிவிட்டது என்றால் தாராளமாகக் கொடுங்கள். முதலில் உங்கள் குழந்தை, மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. ஒருநாள் குறைந்துவிட்டால் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் மருத்துவமனையில் வேலை செய்கிறீர்கள் என்பதற்காக, "இந்த வாரம் இவ்வளவு கொடு" என்று மேலதிகாரி யாராவது கேட்டால் அது தானம் இல்லை. மறுக்கலாம்.

தாய்மாரிடம் பால் எடுக்கச் சொல்லும் மருத்துவமனை, தன் செவிலியருக்கு ஒரு கதவும் நாற்காலியும் தராமல் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. உங்களைப் போல் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பிரேசிலில் 200-க்கும் மேற்பட்ட பால் வங்கிகள் ஒரே வலையமைப்பாக இயங்குகின்றன. சில ஊர்களில் தீயணைப்பு வீரர்களே வீட்டு வாசலுக்கு வந்து பால் பாட்டில்களை வாங்கிப் போகிறார்கள். அங்கே சீருடை போட்டவர் கையில் பால் பாட்டிலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

கேள்வி: எங்கள் வார்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் தானப் பால் வேண்டாம் என்றது. உடன் இருந்த டாக்டர், "படித்தவர்கள் இப்படிப் பேசலாமா" என்று கடிந்துகொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?
— தாய்ப்பால் ஆலோசகர்

பதில்: கடிந்துகொண்டது தவறு. ஒரே பெண்ணிடம் பால் குடித்த குழந்தைகள் உடன்பிறந்தவர்களாகிவிடுவார்கள், அவர்களுக்குள் பிற்காலத்தில் திருமணம் கூடாது என்பது அவர்களுடைய மார்க்கத்தில் உள்ளது. யாருடைய பால் என்றே தெரியாவிட்டால் அதை எப்படிக் காப்பது என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மார்க்க அறிஞர்களிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை. 1985-இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி பால் வங்கி கூடாது என்றது. ஐரோப்பிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) ஆய்வு மன்றம் தேவைப்படும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்றது. தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. பல தாய்மாரின் பாலைக் கலக்காமல் ஒருவருடைய பாலை மட்டும் தர முடியுமா, கொடுத்தவரின் விவரத்தை அவர் சம்மதத்தோடு பதிவு செய்து தர முடியுமா என்று உங்கள் வங்கியிடம் கேட்டு வையுங்கள். குடும்பம் நம்பும் மார்க்க அறிஞரிடம் பேச நேரம் கொடுங்கள். அதுவரை அந்தத் தாய்க்குப் பால் எடுக்கக் கூடுதலாக உதவுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால், ஃபார்முலா கொடுத்துக் கவனமாகப் பாருங்கள். முகம் சுளிக்கக் கூடாது.

கேள்வி: குழந்தை இறந்த தாய்க்கு மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கிறார். அவரிடம் பால் தானம் பற்றிப் பேசலாமா, கூடாதா? எங்கள் வார்டில் யாரும் அந்தக் கட்டில் பக்கமே போவதில்லை.
— பிரசவ வார்டு செவிலியர்

பதில்: முதலில் அந்தக் கட்டில் பக்கம் போங்கள். எடுத்ததும் தானத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பிரசவமாகி இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் பால் இறங்கும், குழந்தை இருக்கிறதா இல்லையா என்று உடம்புக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த மூன்றாம் நாள் அவரை அப்படிப் புரட்டிப் போடுகிறது. வலி குறையக் குளிர்ந்த ஒத்தடம், வலி மாத்திரை, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, வலி தாங்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிடுதல், இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். சுரப்பை நிறுத்த மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அவர் கொஞ்சம் பேசும் நிலைக்கு வந்த பிறகு, பாலை என்ன செய்யலாம் என்று எல்லா வழியையும் ஒன்றாகவே சொல்லுங்கள்: உடனே நிறுத்தலாம், மெதுவாகக் குறைத்துக்கொண்டே வரலாம், விரும்பினால் வங்கிக்குக் கொடுக்கலாம். மூன்றையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். "கொடுத்தால் உங்கள் மனசுக்கு ஆறுதலாக இருக்கும்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். சிலருக்கு இருக்கும், சிலருக்கு அந்த வார்த்தையே வலிக்கும். சொல்லாமலே விடுவதும் சரி இல்லை. எனக்கு அப்படி ஒரு வழி இருந்தது என்று யாரும் சொல்லவில்லையே என்று பின்னால் வருந்திய தாய்மாரை நான் சந்தித்திருக்கிறேன். கொடுக்க விரும்பினால், அவரைப் பச்சிளங்குழந்தைகள் இருக்கும் வார்டு வழியாக வங்கிக்கு நடக்க விடாதீர்கள். அவர் இருக்கும் இடத்துக்கு ஆலோசகரை வரச் சொல்லுங்கள்.

கேள்வி: வங்கி இல்லாத சிறிய மருத்துவமனை எங்களுடையது. ஒரு தாய்க்குப் பால் மிஞ்சுகிறது, அடுத்த கட்டில் குழந்தைக்குப் பால் இல்லை. அப்படியே வாங்கிக் கொடுத்தால் என்ன?
— செவிலியர்

பதில்: குறைமாதக் குழந்தைக்கு அப்படிக் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் தாயின் பாலில்கூட சைட்டோமெகலோ வைரஸ் இருக்கலாம், அது சின்னக் குழந்தைக்கு ஆபத்து. பீய்ச்சும்போதும் வைக்கும்போதும் கிருமி சேரலாம். அமெரிக்காவில் இணையத்தில் விலைக்கு வந்த தாய்ப்பாலில் 101 மாதிரிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 74 சதவீதம் கிருமி அளவில் தேறவில்லை. பக்கத்துக் கட்டில் பால் அவ்வளவு மோசமாக இருக்காதுதான், ஆனால் சோதிக்காமல் உங்களுக்கு எப்படித் தெரியும்? அருகில் எந்த மருத்துவமனையில் வங்கி இருக்கிறது, அவர்கள் ஃபிரீசரில் வைத்த பாலைக் குளிர்ப் பெட்டியில் அனுப்புவார்களா என்று விசாரித்து, அந்தத் தொலைபேசி எண்ணை வார்டு சுவரில் ஒட்டி வையுங்கள். வரும் பாலை ஃபிரிட்ஜிலோ வெதுவெதுப்பான நீரிலோ உருக்குங்கள், மைக்ரோவேவில் வேண்டாம். ஃபிரிட்ஜில் உருகிய பாலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மீதியைக் கொட்டிவிடுங்கள், மறுபடி உறைய வைக்கக் கூடாது.